சாமிக்கு முன்னால் ஏறிய பெட்டி

எலாதியோ ஒரு வாரமாகப் பெண்டாட்டியோடு பேசவில்லை. நாயோடுதான் பேசினான்.

"பிராவோ, உங்க மேனேஜரம்மாகிட்டச் சொல்லு, காபி ஆறிப்போகுதுன்னு."

நாய் வாலை ஆட்டியது. நேலிதா காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"பிராவோ, உங்க ஐயாகிட்டச் சொல்லு, சர்க்கரை போட மறந்துட்டாருன்னு."

போன வாரம் பட்டப்பகலில், ஊர் பார்க்க, நெல் நடவுக்குக் கடன் கேட்டு வந்த சொந்தப் புருஷனுக்கே கையை விரித்தவள் இந்த நேலிதா யார்லெக்கே. சபோத்தால் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அவள்தான் மேனேஜர். கடல் சூடேறிவிட்டது, மார்ச் வரைக்குமான இந்தக் கோடையில் எல் நீன்யோ மழை கொட்டித் தீர்க்கப் போகிறது என்று நிபுணர்கள் அறிவித்த மறுநாளே, சங்கத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் தலைநகர் லிமா வங்கியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கால்வாய்க்குக் கீழே உள்ள நிலத்துக்குக் கடன் கூடாது. எலாதியோவின் வயல் கால்வாய்க்குக் கீழே. ஊரில் முக்கால்வாசிப் பேர் வயலும் அங்கேதான்.

மழையா? ஒரு சொட்டு விழவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

அன்று சனிக்கிழமை, சந்தை நாள். நேலிதாவுக்கு மனசில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது சங்கத்துக்குள் கவுண்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பத்திரங்களெல்லாம் கூழாகிப் போயின. யார் யாருக்கு என்ன பாக்கி என்று தெரியாமல் ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நாட்களை அவள் மறக்கவில்லை. இந்தத் தடவை அப்படி ஆக விடக்கூடாது. பழைய இரும்புப் பெட்டியைக் காலையில் மணல்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிவிடுவது, சங்கம் மூடினதும் பத்திரங்களைக் கொண்டுபோய் அதற்குள் பூட்டிவிடுவது. இவ்வளவுதான் ஏற்பாடு.

வண்டிக்கு வெளியே போவானேன், தம்பி அப்தியாஸ் இருக்கிறான். மூன்று மூணுசக்கர வண்டி வைத்து ஓட்டுகிறவன். ஒரு லாரி வாங்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டு வருகிறவன்.

"அக்கா, பெட்டி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஒரு போர்வை போத்திடவா?"

"போத்துடா. மணல் ஏறாம இருக்கும்."

அந்தப் போர்வைதான் முதல் தப்பு. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது.

சபோத்தாலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் வரப்போகிறது என்றால் முதலில் கோயிலிலிருந்து உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் சிலையைத் தோளில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கப்புறம்தான் கட்டில், கோழி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம். சாமி கீழே இருக்கும்போது தன் பொருளை ஏற்றுகிறவன் ஊரை விட்டு ஓடப் பார்க்கிறவன், அவனுக்கு அப்புறம் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நேலிதாவுக்கு இது தெரியாதா? அந்த ஊரில் பிறந்தவள்தானே. வீட்டுச் சாமானுக்குத்தானே வழக்கம், ஆபீஸ் பெட்டிக்கு என்ன வழக்கம் என்று இருந்துவிட்டாள்.

வண்டி சந்தை முனையைத் தாண்டும்போது ஃபிதேலாவின் கடை வாசலில் வெள்ளைக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. கொடி ஆடினால் அன்றைக்குச் சிச்சா, அதுதான் மக்காச்சோளக் கள், தயார் என்று அர்த்தம். ஃபிதேலா நேலிதாவின் மகளுக்கு ஞானத்தாய், அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் நீளம். அவள் தும்மினால் சந்தைக்கே சளி பிடிக்கும்.

"டேய் அப்தியாஸ்! வண்டியில என்னடா, பிணமா?"

"பிணமில்ல தோன்யா ஃபிதேலா, பெட்டி."

"என்ன பெட்டி?"

அப்தியாஸுக்குப் பொய் வராது. சின்ன வயசிலேயே வராது. "சங்கத்துப் பெட்டி. மேல பள்ளிக்கூடத்துக்குப் போகுது."

ஃபிதேலா கையிலிருந்த சுரைக்குடுவையை அப்படியே கீழே வைத்தாள்.

"சாமி இன்னும் கீழ உக்காந்திருக்கு. அதுக்கு முன்னாடி பணம் மேல ஏறுதா?"

அவ்வளவுதான். மீன்காரிகள் கத்தியை வைத்துவிட்டு வந்தார்கள். எலுமிச்சை மூட்டைக்காரர்கள் வந்தார்கள். வண்டிக்கு முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் என்று நின்று, நகர விடவில்லை. விஷயம் காதுக்கு எட்டி நேலிதா செருப்பு சறுக்கச் சறுக்க ஓடி வந்தாள்.

"கொமாத்ரே, என்ன கூத்து இது? வழியை விடு."

"கூத்து நடத்துறது நீயா நானா? எங்க காசைப் போர்வை போத்தி எங்க கடத்துற?"

"காசா? இதுல காசே இல்ல. வெறும் பெட்டி."

"வெறும் பெட்டிக்கு எதுக்குப் போர்வை?"

வெயில், வியர்வை, நூறு பேர் கண். நேலிதாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபத்தில் செய்யக் கூடாததைச் செய்தாள். போர்வையை உருவி வீசிவிட்டு, சாவியைப் போட்டுப் பெட்டியை விரியத் திறந்தாள்.

"நல்லாப் பாருங்க. கண்ணு குளிரப் பாருங்க. ஏதாவது இருக்கா?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு செத்த கரப்பான்பூச்சியைத் தவிர ஒன்றுமில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயையோ! பெட்டி காலி!"

"காலியா?"

"சங்கத்துப் பெட்டி காலியாம்! பணமெல்லாம் போச்சாம்!"

பணத்தைக் கடத்தவில்லை என்று காட்டத் திறந்த பெட்டி, பணமே இல்லை என்று காட்டிவிட்டது. நேலிதா எந்தப் பக்கம் விளக்கம் சொன்னாலும் அந்தப் பக்கம் இடிந்தது.

"கேளுங்க! இது பழைய பெட்டி. பணம் ஆபீஸ்ல வேற பெட்டில இருக்கு."

"எல்லாப் பணமுமா?" என்று கேட்டாள் ஃபிதேலா.

நேலிதாவுக்கும் பொய் வராது. குடும்பமே அப்படித்தான்.

"எல்லாப் பணமும் எந்த பேங்க்லதான் பெட்டில இருக்கும், கொமாத்ரே? நீங்க போட்டதைத்தான் இன்னொருத்தருக்குக் கடனாக் குடுத்திருக்கோம். உன் காசு தோப்புக்காரர் சில்வானோட மாமரத்துல இருக்கு. இவரு காசு எலுமிச்சைத் தோப்புல இருக்கு. காய்ச்சு வித்தா திரும்பி வரும்."

"மரத்துல இருக்கா? அப்ப வா, உலுக்கிக் குடு!"

கூட்டம் சிரித்தது. நேலிதாவுக்கே சிரிப்பு வந்தது. அந்த ஒரு நொடியில் எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது.

அப்போது ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "மரம் தண்ணியில போயிட்டா, தாயி?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் நிபுணர்கள் லிமாவில் கேட்டார்கள், லிமா வங்கி நேலிதாவைக் கேட்டது, போன வாரம் அவள் புருஷனைக் கேட்டாள். இப்போது சுற்றிக்கொண்டு அவளிடமே வந்து நின்றது.

பத்து நிமிஷத்தில் சங்கத்து வாசலில் வரிசை தெருமுனையைத் தொட்டது.

காசாளர் யெசெனியாவுக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். ஒவ்வொரு நோட்டுக்கட்டையும் எண்ணிக் கொடுக்கும்போது ஒரு விக்கல்.

"ஏம்மா, காசு குடுக்கும்போது இப்படி விக்கினா நாங்க என்ன நினைக்கிறது?" என்றாள் ஒரு மீன்காரி.

"தண்ணி குடிச்சா சரியாயிடும்க்கா... ஹிக்!"

"தண்ணிதான் வரப்போகுதாமே, குடிச்சுக்கோ!"

சிரிப்பும் பயமும் கலந்து வரிசை நகர்ந்தது. நேலிதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை அரைநாள். இன்றைக்கு ஓட்டிவிடலாம். திங்கட்கிழமைதான் தாங்காது. ஆனால் அதற்குத்தான் லிமா இருக்கிறதே. அவசரமென்றால் கேட்டவுடன் பணம் அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வருஷா வருஷம் அறுவடைக்கு முன்னால் அனுப்பவும் செய்திருக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் அவள் முகம் கோணாமல் உட்கார்ந்திருந்தாள்.

வரிசையில் சலசலப்பு கேட்டது. அப்தியாஸ் வந்திருந்தான்.

எல்லோர் கண்ணும் அவன் மேல். மேனேஜரின் தம்பி, பெட்டியை ஏற்றியவன். அவனே பணத்தை எடுத்தால் அப்புறம் சங்கத்துக்குச் சங்கு ஊத வேண்டியதுதான். அவன் நேராக அக்காவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"என் பொண்டாட்டி எடுக்கச் சொல்றா. லாரிக் காசு, பத்து வருஷத்துக் காசு, உங்க அக்கா மூஞ்சிக்காக ஆத்துல விடுவியான்னு கேக்குறா."

"அவ கேக்குறதுல தப்பில்லடா."

"எனக்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் புரியாதுக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. பத்திரமா இருக்கா?"

"பத்திரம்தான்டா."

"சரி."

"டேய், யோசிச்சு..."

"நீ சொல்லிட்டல்ல, அப்புறம் என்ன யோசனை?"

கதவைத் திறந்துகொண்டு போய் வாசலில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். "நல்லாப் பாத்துக்கங்க. என் கையில ஒரு சோல் காசுகூட இல்ல. என் காசு உள்ளதான் இருக்கு. உங்க காசும் அங்கதான் இருக்கு. வெயில்ல நின்னு மயக்கம் போட்டு விழுந்தா தூக்கிட்டுப் போக என் வண்டிக்குத்தான் வேலை!"

வரிசை நடுவில் அறுந்தது. பாதிப் பேர் கலைந்துபோனார்கள். மீதிப் பேர் எடுத்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தியதும் யெசெனியாவுக்கு விக்கல் நின்று அழுகை வந்தது. நேலிதா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லிமாவுக்குப் போன் போட்டாள்.

எடுத்தவர் லிமா வங்கி அதிகாரி கிரோகா. நல்ல மனுஷர், பேச்சு எப்போதும் பட்டுப்போல இருக்கும்.

"சென்யோரா யார்லெக்கே, சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் நலமா?"

"நலம்தான் சார். திங்கக்கிழமை காலைல எனக்குப் பணம் வேணும். வழக்கமா அனுப்புறதுல பாதி வந்தாக்கூடப் போதும்."

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சார்?"

"நானே உங்களுக்குப் பேசணும்னு இருந்தேன் சென்யோரா. அந்த ஏற்பாட்டை நிறுத்தி வச்சிருக்கோம். நேத்து சாயங்காலம் முடிவாச்சு."

"நாங்க என்னைக்காவது தவணை தப்பியிருக்கோமா?"

"ஒரு தடவைகூட இல்ல. உங்க மேல ஒரு குறையும் கிடையாது. எங்களுக்குப் பணம் குடுக்குற வெளிநாட்டுக்காரங்க ஒரு வரைபடம் வச்சிருக்காங்க. அதுல உங்க பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு. சிவப்புக்குப் பணம் போகக் கூடாதுன்னு கண்டிஷன்."

"ஏன் சிவப்பு?"

"பயிர்க் காப்பீட்டுக் கம்பெனி விலகிடுச்சுல்ல, அதனால."

"நான் அவங்களையும் கேட்டேனே! நீங்க கடனை நிறுத்தினதாலதான் விலகினோம்னு அவங்க சொன்னாங்களே!"

கிரோகா "ரெண்டும் உண்மைதான் சென்யோரா" என்றார்.

"மழை இன்னும் வரவே இல்லையே சார்!"

"வரும்னு கணக்கு சொல்லுது."

"வராம போனா?"

"வராம போனா ரொம்ப நல்லது. மார்ச் முடிஞ்சதும் நானே முன்ன நின்னு திரும்பத் திறந்து விடுறேன்."

"மார்ச் வரைக்கும் நாங்க இருக்கணுமே!"

யாரைத் திட்டுவது என்று தெரிந்தால் திட்டியிருப்பாள். கிரோகாவைத் திட்டலாமென்றால் அவர் குரலே உடைந்திருந்தது.

"எங்க அம்மா வீடு செச்சூரால இருக்கு. அதுவும் அந்தச் சிவப்புக்குள்ளதான். அந்த வீட்டுக்கு நானே எங்க பேங்க்ல கடன் வாங்க முடியாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"நீங்களே இப்படிக் கேட்டா நான் எங்க போய்க் கேக்குறது?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு அரசாங்க மேற்பார்வை அதிகாரி வர்றார். பணம் போதலைன்னா சங்கத்தைச் சீல் வச்சிடுவாங்க. அதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. வீட்டுலகூட. சொந்தக்காரங்களுக்கு மட்டும் சொன்னதாத் தெரிஞ்சா உங்களைக் கொண்டுபோய் உள்ள வச்சிடுவாங்க."

போனை வைத்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரம்தான்டா என்று சொன்ன வாய் இன்னும் காயவில்லை. சொன்னபோது அது உண்மை என்றுதான் நினைத்தாள், நேற்றே பொய்யாகிவிட்டிருந்தது.

தம்பிக்கு மட்டும் சொன்னால்? விடிவதற்குள் அவன் மனைவிக்குத் தெரியும், அப்புறம் சந்தைக்குத் தெரியும், திங்கட்கிழமை விடியும் முன்பே கதவை உடைப்பார்கள். முதலில் வந்தவனுக்குக் கிடைக்கும், அந்தத் தொப்பிக் கிழவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் அப்தியாஸின் லாரி போயிற்று. எப்படிப் போனாலும் யாரோ ஒருவர் குடியைக் கெடுத்தாக வேண்டும். கெடுப்பவள் அவள்தான்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தாள். வாசலில் எலாதியோ மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான்.

"பிராவோ, கேட்டுச் சொல்லு. மத்தியானம் ஏதாவது சாப்பிட்டாளாமா?"

கரிசனம்தான், ஆனாலும் நாய் வழியாகத்தான் வந்தது. நேலிதா நாயின் பக்கத்தில் குந்தி அதன் காதைப் பிடித்தாள்.

"பிராவோ, உங்க ஐயாகிட்டச் சொல்லு..."

நாய்கூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. எலாதியோ மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"என்ன?"

அதற்குள் மூணுசக்கர வண்டிச் சத்தம் கேட்டது. அப்தியாஸ் இறங்கினான். பின்னாலேயே ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபிதேலா இறங்கினாள். அவள் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கொமாத்ரே, என்னை ரெண்டு அறை அறை! புத்தி கெட்டுப்போய் உன்னைச் சந்தையில வச்சு நாறடிச்சேனே! பாதிரியார் அறிவிச்சுட்டார். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சாமியை மேல ஏத்துறாங்களாம். நீ ஒரு நாள் முந்திக்கிட்ட, அவ்வளவுதான்!"

"ஊரே உன் பேச்சுதான்க்கா" என்றான் அப்தியாஸ். "நேலிதாவுக்கு எல்லாம் முன்னாடியே தெரியுது, அவகிட்டக் காசு இருக்கிற வரைக்கும் கவலையில்லைன்னு பேசிக்கிறாங்க."

"நான் எடுத்ததைத் திங்கக்கிழமை திரும்பக் கட்டிடுறேன்" என்றாள் ஃபிதேலா. "மீன்காரிங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன். வீட்டுல வச்சு என்ன பண்றது? தண்ணி வந்தா போயிடும். உன்கிட்டன்னா பத்திரம்."

நேலிதா தூணோரமாக உட்கார்ந்தாள். காலையில் நம்புங்கள் என்று கெஞ்சினாள், ஒருவர் நம்பவில்லை. இப்போது நம்பாதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது, ஊரே நம்பிக்கொண்டு வருகிறது.

எலாதியோ தட்டுகளை எடுத்து வைத்தான். ஃபிதேலா பானையைத் திறந்தாள். மசித்த வாழைக்காயும் உப்புக்கண்டமும் மணத்தன. அப்தியாஸ் சட்டைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தான்.

"என்னடா இது?"

"ஒரு வண்டியை வித்துட்டேன். எப்படியும் லாரி வாங்கும்போது விக்கப்போறதுதானே. திங்கக்கிழமை முத ஆளா வந்து எல்லார் கண் முன்னாடியும் கட்டுறேன், பாத்துக்கிட்டே இரு, வரிசை எப்படித் திரும்புதுன்னு! வீட்டுல வச்சா என் பொண்டாட்டி பிடுங்கிக்குவா. அதுவரைக்கும் நீயே வச்சிரு."

"யாரைக் கேட்டுடா வித்த?"

"யாரைக் கேக்கணும்? எங்க அக்காவுக்கு ஒண்ணுன்னா நான் வேடிக்கை பார்ப்பேனா?"

ஃபிதேலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உடன்பிறப்புன்னா இப்படி இருக்கணும்."

ஒரு வாரமாக நாயோடு மட்டுமே பேசிய எலாதியோ, முதல் தடவையாக மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"வாங்கிக்க நேலிதா. ஆசையாக் குடுக்குறான். நானும் யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு நீ கடன் இல்லைன்னது உன் வேலைக்காக, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. மாடு வித்த காசு கொஞ்சம் கிடக்கு. அதையும் சேத்துப் போட்டுடலாம்."

நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை, முற்றத்து மண் அனலாகத்தான் இருந்தது. நேலிதாவின் மடியில் பொட்டலம் அப்படியே இருந்தது. எடுத்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் வரவில்லை.

"அப்தியாஸ்" என்றாள்.

வாய் நிறைய வாழைக்காயோடு தம்பி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா?"